ஆண்டு முடிவில் வீட்டுக் கணக்கு இடிக்கிறது, எங்கிருந்து சரிசெய்வது?

தென்றல்முகம்:

வணக்கம். நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். மாதம் பிறந்ததும் பட்ஜெட் போட்டுவிடுவோம். வாடகை, மளிகை, பெட்ரோல், மின்கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் ஒதுக்கிவிட்டு மீதியைச் சேமிப்பில் போடுவது பழக்கம். பாதி ஆண்டு வரை இது ஒழுங்காகப் போகிறது. நவம்பர், டிசம்பர் வந்தால் சேமித்தது கரைந்து, கிரெடிட் கார்டிலும் பாக்கி ஏறிவிடுகிறது. அது அடங்குவதற்குள் ஜனவரி பில்கள் வந்து நிற்கின்றன.

வீண்செலவு எங்கே என்று தேடினால் பெரிதாக எதுவும் அகப்படவில்லை. அதனால் மூன்று விஷயங்களில் உங்கள் யோசனை வேண்டும். ஆண்டு முடிவதற்குள் முதலில் எதைப் பார்ப்பது? கையில் இருக்கும் சிறு சேமிப்பை எடுத்துக் கார்டு பாக்கியை அடைத்துவிடலாமா, அல்லது அவசரத்துக்கு வைத்துக்கொள்வதா? அடுத்தது, கணவர் தன் சம்பளம் தன் கணக்கில், என் சம்பளம் என் கணக்கில் இருக்கட்டும் என்கிறார். எனக்கு எல்லாம் ஒரே கணக்கில் இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. உங்கள் வீடுகளில் எப்படி?

கணக்குநோட்டு:

சகோதரி, உங்கள் பட்ஜெட்டில் பிழை இல்லை. அது மாதத்தை மட்டும் பார்க்கிறது, அவ்வளவுதான். குடும்பச் செலவில் பெரிய பங்கு மாதக் கணக்கில் வருவதே இல்லை. காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி சர்வீஸ், வீட்டு வரி, பல் வைத்தியம், பயணம், பரிசுகள் எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருபவை. மாத பட்ஜெட்டில் இவற்றுக்கு இடமே இல்லாததால் வரும்போதெல்லாம் திடீர்ச் செலவு மாதிரி தெரிகின்றன. போன ஆண்டும் இதே மாதத்தில் வந்த பில் எப்படித் திடீர்ச் செலவாகும்?

முதல் வேலையாக, கடந்த 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டையும் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து உட்காருங்கள். ஒவ்வொரு வரியையும் வகை பிரிக்க வேண்டாம். அந்த வேலையில் பாதியிலேயே அலுப்புத் தட்டி எழுந்துவிடுவோம். மாதா மாதம் வராத செலவுகளை மட்டும் குறித்துக்கொண்டு கூட்டுங்கள்.

உதாரணத்துக்கு உங்கள் இருவரின் மாத வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். காப்பீடுகள் 60, பள்ளிக் கட்டணம் 90, வண்டி 30, வீட்டுப் பராமரிப்பு 40, பயணமும் பரிசுகளும் 60, மருத்துவம் 20. மொத்தம் 300. அதை 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு 25. அதாவது மாதம் 100 வந்தாலும் வீடு நடத்த உங்களிடம் இருப்பது 75 மட்டும்தான். அந்த 25 ஏற்கெனவே பேர் எழுதப்பட்ட பணம். அதை மீதி என்று நினைத்துச் சேமிப்பில் போடுவதால்தான் சேமிப்பு ஆண்டு முடிவில் கரைகிறது. நீங்கள் சேமித்ததாக நினைத்தது சேமிப்பே அல்ல, பிறகு கட்ட வேண்டிய பில்லுக்கான பணம்.

தென்றல்முகம்:

அண்ணா, இந்தக் கோணத்தில் நான் பார்த்ததே இல்லை. இன்று இரவே உட்காருகிறேன்.

வடக்குவாசல்:

கார்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் சேமிப்பை எடுத்து உடனே அடைத்துவிடுங்கள் அக்கா. கணக்கைப் பாருங்கள். மாத வட்டி 3% என்றால் கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்து அது ஆண்டுக்கு 42.6% ஆகிறது. உங்கள் சேமிப்புக் கணக்கு ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 3% தருகிறது என்றால், அதே 3%ஐ கார்டு ஒவ்வொரு மாதமும் உங்களிடமிருந்து எடுக்கிறது.

மினிமம் டியூ, அதாவது கார்டு பில்லில் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இன்னொரு கணக்கு. பாக்கி 100, மாத வட்டி 3%, பாக்கியில் 5% மட்டும் கட்டுகிறோம், புதிதாக ஒன்றும் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டு தவறாமல் கட்டிய பிறகும் பாக்கி 77 நிற்கும். கட்டிய தொகை 55. அதில் 32 வட்டிக்குப் போய்விட்டது, கடனில் குறைந்தது 23 மட்டும்.

இதோடு போகவில்லை. பெரும்பாலான கார்டுகளில் பாக்கி வைத்துவிட்டால் வட்டியில்லாத நாள்கள் என்ற சலுகை போய்விடும். அடுத்து வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். டிசம்பர் பாக்கி அடங்காமல் ஜனவரி பில்லும் அதே கார்டில் ஏறினால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் வட்டி.

முல்லைக்கொடி:

வடக்குவாசல் தம்பியின் கணக்கு சரி. ஆனாலும் கையைத் துடைத்துவிட்டுக் கடனை அடைக்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சேமிப்பு பூஜ்யமாக இருக்கும் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், வண்டி நின்றாலும், மறுபடி போய் நிற்பது அதே கார்டு முன்னால்தான். கார்டில் லிமிட் இருக்கிறதே, அவசரத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாம் என்பீர்கள். லிமிட் நம் பணம் அல்ல தம்பி. வங்கி நினைத்தால் குறைக்கும். அதுவும் வேலை போன நேரம் பார்த்துக் குறைத்தால் என்ன செய்வது? மருத்துவமனையிலோ வாடகைக்கோ கார்டு செல்லாத இடங்களும் உண்டு.

நான் சொல்வது இதுதான் தென்றல். ஒரு மாதம் வீடு ஓடுவதற்கு வேண்டிய அடிப்படைச் செலவை மட்டும் எடுத்து வைத்துவிடு. வாடகை, சாப்பாடு, மருந்து, போக்குவரத்து, கட்டாயமாகக் கட்ட வேண்டிய தவணைகள். அதற்கு மேல் எது இருந்தாலும் கார்டுக்குக் கட்டிவிடு.

வடக்குவாசல்:

அம்மா, வாடகைக்குக் கார்டு உதவாது என்பது நான் யோசிக்காத விஷயம். ஒரு மாதச் செலவை ஒதுக்குவதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் சொல்வதுபோல 6 மாதச் செலவு சேரும் வரை கார்டு பாக்கி காத்திருக்கட்டும் என்றால் அதற்கு நான் உடன்பட மாட்டேன். 42% வட்டி ஓடும்போது வங்கியில் 6 மாதப் பணத்தைப் பூட்டி வைப்பது நஷ்டம். ஒரு மாதம் கையில் இருக்கட்டும், பிறகு கார்டு முழுவதும் அடையட்டும், அதன் பிறகு 3 மாதம், 6 மாதம் என்று வளர்க்கலாம்.

ஒரே தடவையில் அடைக்க முடியாத அளவு பாக்கி இருந்தால், வட்டி குறைந்த தவணைக் கடனாக மாற்ற முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள். மாற்றிய பிறகு அந்தக் கார்டை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தவணையும் ஓடும், கார்டிலும் புதிதாக ஏறும்.

முல்லைக்கொடி:

அது சரி தம்பி. அந்த வரிசைக்கு நானும் உடன்படுகிறேன்.

தனிவழி:

மாதச் சம்பளம் இல்லாதவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். நான் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். சில மாதம் நிறைய வரும், சில மாதம் ஒன்றும் வராது. ஆண்டு முடிவில் வாடிக்கையாளர்கள் விடுப்பில் போய்விடுவதால் பில் பாஸாகாமல் தள்ளிப்போகும். செலவு கூடும் நேரத்தில் வரவு குறைகிறது. கணக்குநோட்டு அண்ணன் சொல்லும் 12ஆல் வகுக்கும் முறை எனக்கு எப்படிப் பொருந்தும்?

கணக்குநோட்டு:

உங்களுக்குத்தான் இது இன்னும் அவசியம். கடந்த ஆண்டில் மிகக் குறைவாக வந்த மாதங்களைப் பாருங்கள். ஒன்றுமே வராத மாதத்தை விட்டுவிட்டு, அடுத்த மெலிந்த மாதத்தின் வரவை உங்களுக்கு நீங்களே தரும் சம்பளமாக வைத்துக்கொள்ளலாம். தொழில் வரவு முழுவதும் ஒரு கணக்கில் விழட்டும். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் அந்தச் சம்பளம் மட்டும் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். நல்ல மாதத்தில் மிஞ்சுவது தொழில் கணக்கிலேயே நின்று வறண்ட மாதத்தைத் தாங்கும். வரிக்கான பங்கைப் பணம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அது ஒருநாளும் உங்கள் பணம் அல்ல.

வரவேண்டிய பில்களை நவம்பர் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுங்கள். பல நிறுவனங்கள் டிசம்பரில் கணக்கை முன்கூட்டியே மூடிவிடுகின்றன.

பறவைப்பார்வை:

போனஸ் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் வீட்டில் மாற்றம் அங்கிருந்துதான் தொடங்கியது. போனஸ் கைக்கு வந்த பிறகு என்ன செய்யலாம் என்று உட்கார்ந்தால் ஆளுக்கொரு ஆசை வரும், எல்லாமே நியாயமாகவும் தோன்றும். அதனால் வருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிடுகிறோம்: கடனுக்கு இவ்வளவு, அடுத்த ஆண்டு பில்களுக்கு இவ்வளவு, ஆசைக்கு இவ்வளவு. ஆசைக்கான பங்கைப் பூஜ்யமாக்க வேண்டாம். ஆண்டு முழுவதும் உழைத்தவர்களுக்கு அதில் ஒரு பங்கு உரிமை உண்டு.

முன்கூட்டியே முடிவு செய்வது எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்குப் பொருளாதாரத்தில் நல்ல சான்று இருக்கிறது. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் (2017இல் நோபல் பரிசு பெற்றவர்), அவருடைய சக ஆய்வாளர் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் ஒரு திட்டம் வகுத்தார்கள். இன்றைக்கே சேமிப்பைக் கூட்டு என்று ஊழியர்களிடம் கேட்கவில்லை. இனி வரும் ஒவ்வொரு சம்பள உயர்விலும் ஒரு பகுதி தானாகச் சேமிப்புக்குப் போக இப்போதே சம்மதிக்கிறாயா என்றுதான் கேட்டார்கள். முதலில் செய்து பார்த்த நிறுவனத்தில், சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5% என்ற நிலையிலிருந்து 13.6% ஆக உயர்ந்தது. 2004இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கையில் இருப்பதைக் குறைத்தால்தான் நமக்கு வலிக்கிறது. இன்னும் வராத பணத்தைப் பங்கு போடும்போது அந்த வலி இல்லை.

எனவே தென்றல்முகம், ஜனவரியிலோ ஏப்ரலிலோ சம்பள உயர்வு வருமானால் அதில் பாதியை எங்கே அனுப்புவது என்று இப்போதே முடிவு செய்து, வங்கியில் தானியங்கி மாற்றமும் போட்டுவிடுங்கள்.

நூலேணி:

செலவைக் குறைக்கிறேன் என்று காப்பீட்டில் கை வைத்துவிடாதீர்கள். ஆண்டு இறுதியில் பணம் இடிக்கும்போது பலர் பிரீமியத்தைத்தான் முதலில் தள்ளிப்போடுகிறார்கள். மருத்துவக் காப்பீடு இடையில் அறுந்தால், சில நோய்களுக்குப் பணம் கிடைக்காத தொடக்கக் காலமான காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கக்கூடும்.

காப்பீட்டுத் தொகை இன்றைக்குப் போதுமா என்றும் பாருங்கள். 72ஐ விலைவாசி உயர்வு விகிதத்தால் வகுத்தால் விலைகள் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று தோராயமாகத் தெரியும். 6% என்றால் 12 ஆண்டு. 12 ஆண்டுக்கு முன் போதும் என்று எடுத்த தொகையின் மதிப்பு இன்று பாதிதான். மருத்துவச் செலவு பொதுவிலைவாசியைவிட வேகமாக ஏறும் இடங்களில் பாதிகூட இருக்காது.

குறைக்க வேண்டியது சந்தாக்களை. ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கும்போது தானாகப் புதுப்பிக்கப்படும் எல்லாவற்றையும் தனியாக எழுதுங்கள். ஓடிடி, செயலிகள், மேகச் சேமிப்பு, உடற்பயிற்சிக் கூடம். கடைசி 3 மாதத்தில் யாரும் தொடாததை நிறுத்திவிடலாம். ஆண்டுச் சந்தாக்கள் பல ஜனவரியில்தான் புதுப்பிக்கப்படும். புதுப்பித்த பிறகு பணம் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

வட்டியில்லாத் தவணை விளம்பரங்களும் இந்த நேரத்தில்தான் குவியும். முழுப் பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்கிறதா, நடைமுறைக் கட்டணம் உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். தள்ளுபடி போனால் அதுவே வட்டி.

தென்றல்முகம்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று கணவரும் நானும் உட்கார்ந்து பட்டியல் எடுத்தோம். மாதா மாதம் வராத செலவு எங்கள் மாத வருமானத்தில் 3 மடங்குக்கும் மேல் வந்தது! அண்ணன் சொன்ன உதாரணத்தைப் படித்தபோது மிகைப்படுத்தியிருக்கிறார் என்று நினைத்தேன்; எங்கள் வீட்டுக் கணக்கு அதைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் விழுகிறது. இத்தனை நாள் ஒருவரையொருவர் செலவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் ஒரு சந்தேகம். 12ஆல் வகுத்து மாதம் ஒதுக்க ஆரம்பித்தாலும் பிப்ரவரியில் வரும் பிரீமியத்துக்கு அதற்குள் சேராதே?

கணக்குநோட்டு:

சரியான கேள்வி. பலர் இந்த இடத்தில்தான் முறையையே கைவிடுகிறார்கள். முதல் சுற்றில் 12ஆல் வகுக்கக் கூடாது, பில் வரும் தேதி வரை எத்தனை சம்பளம் மிச்சம் இருக்கிறதோ அதனால் வகுக்க வேண்டும். பிரீமியம் 60, இன்னும் 2 சம்பளம்தான் இருக்கிறது என்றால் மாதம் 30 வேண்டும். பள்ளிக் கட்டணம் 90, இன்னும் 5 சம்பளம் என்றால் மாதம் 18. இரண்டும் சேர்ந்து 48 ஆகிவிடுகிறதே என்று மலைப்பாக இருக்கும். பறவைப்பார்வை சொன்ன போனஸ் பணத்தை இந்த ஓட்டையில்தான் போட வேண்டும். போனஸ் இல்லாதவர்கள் மிக அருகில் இருக்கும் பில்லுக்கு மட்டும் முதலில் சேர்த்து, எட்டாத ஒன்றிரண்டைக் காலாண்டுத் தவணையாகக் கட்ட முடியுமா என்று கேட்கலாம். ஒவ்வொரு பில்லும் ஒருமுறை கட்டி முடிந்ததும் அதற்கு 12 மாதச் சுற்று தொடங்கிவிடும். அடுத்த ஆண்டு இதே நேரம் கனம் குறைந்திருக்கும்.

பறவைப்பார்வை:

வரி ஆண்டு எல்லாருக்கும் டிசம்பரில் முடிவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன், இங்கே பல நாட்டவர்கள் இருக்கிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் டிசம்பர் 31, இந்தியாவில் மார்ச் 31, பிரிட்டனில் ஏப்ரல் 5, ஆஸ்திரேலியாவில் ஜூன் 30. உங்கள் நாட்டுத் தேதிக்குக் குறைந்தது 3 மாதம் முன்பே வரிச்சலுகை முதலீடுகளைப் பார்த்துவிடுங்கள். கடைசி வாரத்தில் சலுகைக்காக மட்டும் எதையாவது வாங்கினால் பிறகு பல ஆண்டு அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

முல்லைக்கொடி:

ஒரே கணக்கா, தனித்தனியா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். தென்றல், இதில் நீயும் சரி, உன் வீட்டுக்காரரும் சரி. குடும்பப் பில்களுக்கு ஒரு கூட்டுக் கணக்கு வையுங்கள். இருவரும் சம்பளத்துக்கு ஏற்ற விகிதத்தில் அதில் போடுங்கள். சம்பளம் 60க்கு 40 என்றால் பில்லையும் அப்படியே பங்கிடுங்கள். ஆளுக்குப் பாதி என்றால் குறைவாகச் சம்பாதிப்பவருக்குக் கையில் ஒன்றும் நிற்காது. மீதி அவரவர் கணக்கில் இருக்கட்டும், அதற்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்க வேண்டாம். வீட்டில் ஒருவர் மட்டும் சம்பாதித்தாலும் மற்றவருக்குக் கேள்வி கேட்காத தொகை ஒன்று மாதா மாதம் கிடைக்க வேண்டும். வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் செய்பவர் ஒவ்வொரு செலவுக்கும் கை நீட்டி நிற்கக் கூடாது.

கணக்கு தனித்தனியாக இருந்தாலும் விவரம் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் கணவர் திடீரென்று படுத்தபோது எந்த வங்கியில் என்ன இருக்கிறது, எந்தக் காப்பீடு யார் பேரில் இருக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில் அலமாரியில் காகிதம் தேடிக்கொண்டிருந்தேன். அவர் மறைத்ததல்ல, நாங்கள் அதைப் பேசவே இல்லை. ஆண்டு முடிவில் ஒரு தாளில் எழுதுங்கள்: கணக்குகள், காப்பீடுகள், கடன்கள், யாருக்குக் கொடுத்திருக்கிறோம், யாரிடம் வாங்கியிருக்கிறோம், பத்திரங்கள் எங்கே, நாமினி யார். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் நாமினி இன்னும் பெற்றோர் பேரில் இருக்கும். அதை மாற்ற வேண்டுமா என்று இருவரும் பேசி முடிவெடுங்கள்.

நூலேணி:

அம்மா, இதைப் படித்துவிட்டு என் கணக்குகளின் நாமினியை இப்போதே பார்த்தேன். ஒன்றில் யார் பேரும் இல்லை. நாளை வங்கிக்குப் போகிறேன்.

தனிவழி:

பரிசுச் செலவு பற்றி ஒரு வார்த்தை. எனக்குக் கடையில் போய் நிற்கும்போதுதான் செலவு ஏறும். இப்போது யார் யாருக்கு என்ற பட்டியலை முதலில் எழுதி, மொத்தத் தொகையையும் வைத்துவிட்டுத்தான் புறப்படுகிறேன். பெரிய குடும்பமாக இருந்தால், இந்த ஆண்டு பிள்ளைகளுக்கு மட்டும் வாங்கலாமா என்று உறவினர்களிடம் வெளிப்படையாகக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது இரண்டு வீட்டார் நிம்மதியாக இருக்கிறது என்றார்கள்.

வடக்குவாசல்:

கணக்கெழுத எந்த ஆப் நல்லது என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டார்கள். ஆப் எதுவானாலும் சரி, நோட்டாக இருந்தாலும் சரி. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் இல்லத்தரசிகளுக்காக வடிவமைத்த வீட்டுக் கணக்கு நோட்டு முறையை இன்றும் கையாலேயே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதும் பொழுதில் செலவை ஒருமுறை யோசிக்கிறோம் என்பதுதான் அதன் பலம்.

தென்றல்முகம்:

இன்று கூட்டுக் கணக்கு தொடங்க விண்ணப்பம் கொடுத்தோம், 60க்கு 40 முறையில். கணவருக்கும் அது பிடித்திருக்கிறது. ஒரு மாதச் செலவை எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கார்டில் கட்டினேன், பாக்கி பாதிக்குக் கீழே வந்துவிட்டது. கடைசியாக ஒன்று. ஆண்டு பில்களுக்கான பணத்தையும் இதே கூட்டுக் கணக்கில் வைக்கலாமா? சும்மா கிடக்கும் பணத்தை வங்கி வைப்புநிதியில் (எஃப்.டி.) போட்டால் வட்டி கிடைக்குமே என்கிறார் அவர்.

கணக்குநோட்டு:

கூட்டுக் கணக்கில் கலக்க வேண்டாம். இருப்பு அதிகமாகத் தெரிந்தால் கை நீளும். ஆண்டு பில்களுக்கென்று டெபிட் கார்டு இல்லாத தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வந்த மறுநாள் தானாக அதற்குப் போகட்டும். 6 மாதத்துக்கு மேல் தொட வேண்டியிராத தொகையை மட்டும், பில் தேதிக்கு ஒரு வாரம் முன் முடியும்படி வைப்புநிதியில் போடலாம். பங்குச் சந்தையிலோ பரஸ்பர நிதியிலோ இந்தப் பணம் போகக் கூடாது, தேதி நிர்ணயமான பில்லுக்குச் சந்தை காத்திருக்காது. அவசரத்துக்கான ஒரு மாதப் பணத்தை இதனுடனும் சேர்க்காதீர்கள். அது வேறு கணக்கு, வேறு வேலை.

பட்டியலில் தொகையோடு தேதியையும் எழுதி, போன ஆண்டுத் தொகையில் 10% கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கட்டணமும் பிரீமியமும் போன ஆண்டு அளவிலேயே நிற்பது அபூர்வம்.